மின்சாரம் போன இரவில் தொடங்கிய சேனல்: பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 1964

1964 ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூல் கால்பந்து அணியும் லண்டனின் ஆர்சனல் அணியும் மோதின. உள்ளூர் அணி 3-2 என்ற கணக்கில் வென்றது. மைதானத்தில் 47,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். அந்த ஆட்டத்தின் முக்கியப் பகுதிகளை அன்று மாலையே பிபிசியின் புதிய சேனலான பிபிசி 2 ஒளிபரப்பியபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் மட்டுமே. வர்ணனையாளர் கென்னத் வோல்ஸ்டன்ஹோம் பீட்டில்ஸ் பாடகர்களின் ஊரிலிருந்து பேசுவதாகப் பெருமையோடு அறிவித்தார்; ஆனால் அந்த ஊர்க்காரர்களால் அவர் பேசியதைத் தங்கள் வீட்டில் கேட்க முடியவில்லை. அந்தச் சேனல் அப்போது லண்டனையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி எட்டவே இல்லை. இப்படி எவரும் பெரிதாகக் கவனிக்காமல் தொடங்கிய 'மேட்ச் ஆஃப் தி டே' இன்றும் சனிக்கிழமை இரவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றில் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோர் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்த 1953ஐயோ, வண்ண ஒளிபரப்பு வந்த 1967ஐயோ சொல்வார்கள். நான் 1964ஐத் தேர்ந்தெடுப்பேன். யாரும் பார்க்காத இடத்தில் தொலைக்காட்சி எவ்வளவு துணிச்சலாக இருக்க முடிந்தது, எல்லோரும் பார்த்த இடத்தில் அதன்மேல் எத்தனை பேர் கை வைக்க முயன்றார்கள் என்ற இரண்டும் அந்த ஆண்டில் அருகருகே நடந்தன.

முதலில் அந்த 20,000 என்ற எண் ஏன் அவ்வளவு சிறிதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதுவரை பிரிட்டனில் பிபிசி என்றும், விளம்பரங்களோடு வந்த வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி என்றும் இரண்டே சேனல்கள்தான். இரண்டும் 405 கோடுகள் கொண்ட படத்தையே அனுப்பிவந்தன. அது 1936இல் வகுக்கப்பட்ட தரம். தொலைக்காட்சி உரிமம் பெற்ற வீடுகளோ 1964 வாக்கில் 1.25 கோடியைத் தாண்டிவிட்டன. ஒலிபரப்புத் துறையின் எதிர்காலத்தை ஆராய அமைக்கப்பட்ட பில்கிங்டன் குழு 1962இல் தந்த அறிக்கை, வணிகத் தொலைக்காட்சியைக் கடுமையாக விமர்சித்துவிட்டு, நாட்டின் மூன்றாவது சேனலை பிபிசியிடமே ஒப்படைக்கலாம் என்றது. புதிய சேனலுக்குப் புதிய தரம் என்றும் முடிவாயிற்று: 625 கோடுகள், யூஎச்எஃப் என்ற உயர் அதிர்வெண் அலைவரிசை. படம் முன்பைவிடத் தெளிவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்க்க இரண்டு தரங்களையும் ஏற்கும் புதிய பெட்டி வாங்க வேண்டும், கூரையில் வேறு ஆண்டெனா பொருத்த வேண்டும், லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரத்தின் வீச்சுக்குள் குடியிருக்கவும் வேண்டும். பிபிசியை நடத்துவதற்கான 4 பவுண்டு ஆண்டு உரிமக் கட்டணத்தை நாடு முழுவதும் செலுத்திக்கொண்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தச் சேனல் கட்டணத்தில் மட்டும்தான் இருந்தது, வீட்டில் இல்லை. பர்மிங்ஹாம் பகுதிக்கே அது டிசம்பரில்தான் போய்ச் சேர்ந்தது.

தொடக்க நாளாக ஏப்ரல் 20 குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு கங்காருக்களை, தாயும் குட்டியுமாக, சின்னமாக வரைந்து விளம்பரம் செய்திருந்தார்கள். இரவு 7.20 மணிக்குத் தொடக்கம்; 'கிஸ் மீ கேட்' இசை நாடகம், சோவியத் நகைச்சுவைக் கலைஞர் அர்காதி ராய்கினின் நிகழ்ச்சி, கடைசியில் சவுத்எண்ட் கடற்கரையிலிருந்து வாணவேடிக்கை என்று ஒரு பெரிய பட்டியல் தயாராக இருந்தது. தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பு பேட்டர்சீ மின்நிலையத்தில் தீப்பிடித்தது. மேற்கு லண்டனின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. பிபிசியின் பெருமைக்குரிய புதிய கட்டடமான டெலிவிஷன் சென்டரும் அந்த இருட்டுக்குள்தான் இருந்தது.

வடக்கு லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் செய்திப் பிரிவு இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே மின்சாரம் இருந்தது. 1936இல் பிபிசி தன் தொலைக்காட்சியைத் தொடங்கிய அதே பழைய கட்டடம். அங்கிருந்து ஜெரால்ட் பிரீஸ்ட்லாண்ட் என்ற செய்தியாளர் திரையில் தோன்றி, மின்தடை பற்றிய செய்திகளையும் சேனல் தொடங்க முடியாததற்கான வருத்தத்தையும் வாசித்தார். முதல் சில கணங்களுக்கு அவருடைய உதடுகள் அசைகின்றன, குரல் வரவில்லை. அந்தச் சில நிமிடப் பதிவைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது. தான் செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு விழாவுக்குத் திடீரெனத் தனியாளாக நிற்க வேண்டி வந்த மனிதர் பதற்றப்படாமல் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் மாலை அறிவிப்பாளர் டெனிஸ் டூஹி இருண்ட அரங்கில் ஒரு மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு நிகழ்ச்சிகளைத் தொடங்கிவைத்தார். நாடகமும் அன்றுதான் ஒளிபரப்பாயிற்று.

ஆனால் அதற்கு முன்பே, அன்று காலை 11 மணிக்கு, பிபிசி 2இன் முதல் முழு நிகழ்ச்சி யாருடைய ஆரவாரமும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஜாய் விட்பி உருவாக்கிய 'ப்ளே ஸ்கூல்' அது. இரவின் மின்தடை இல்லாதிருந்தால் பிராட்வே இசை நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய பெருமை, இப்படி ஒரு மழலையர் நிகழ்ச்சிக்குப் போயிற்று. அது 1988 வரை ஓடியது. பெரிய அளவில் திட்டமிட்ட தொடக்க இரவைவிட அந்தக் காலை நேரமே நிலைத்தது என்பதில் எனக்குச் சற்றுக் குறும்பான மகிழ்ச்சி உண்டு.

சேனலின் முதல் தலைவர் மைக்கேல் பீகாக் வாரத்தின் ஒவ்வொரு நாளையும் ஒரு வகைக்கு ஒதுக்கியிருந்தார். ஒரு நாள் கல்விக்கு, ஒரு நாள் மறுஒளிபரப்புக்கு, ஒரு நாள் சிறுபான்மை ரசனைகளுக்கு. காகிதத்தில் ஒழுங்காகத் தோன்றிய இந்த ஏற்பாடு நடைமுறையில் சோபிக்கவில்லை. கல்வியில் நாட்டமில்லாதவர் கல்வி நாளன்று பெட்டியை வேறு சேனலுக்குத் திருப்பினால் திரும்பி வருவாரா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பீகாக்கின் இடத்துக்கு டேவிட் அட்டன்பரோ வந்தார்.

ஆனால் அந்தத் தள்ளாட்டத்துக்கு நடுவிலேயே அரிய காரியங்கள் நடந்தன. மே 2 அன்று அறிவியல் தொடர் 'ஹொரைசன்' தொடங்கியது. முதல் நிகழ்ச்சி அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரைப் பற்றியது. மே 30 அன்று 'தி கிரேட் வார்'. முதல் உலகப் போர் மூண்டு 50 ஆண்டு நிறைவதை ஒட்டி, பிபிசியும் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் கனடா, ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த இந்தத் தொடர் 26 பகுதிகள் கொண்டது. மைக்கேல் ரெட்கிரேவ் உரை வாசித்தார். போரில் பங்கேற்றவர்கள் அப்போது அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இருந்தார்கள்; நினைவு மங்காத வயது, ஆனால் அதிகம் தாமதிக்க முடியாத வயது. அவர்களைக் கேமரா முன் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். படைத்தலைவர்கள் போரைப் பற்றி எழுதிக் குவித்திருந்த நாட்டில், பதுங்குகுழியில் சேற்றில் நின்ற சிப்பாய் தன் சொந்தக் குரலில், தன் வட்டாரப் பேச்சில், ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாததைச் சொல்வதைப் பொதுமக்கள் கேட்டார்கள்.

தொடரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. அருங்காட்சியகத்தின் இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லண்ட் அப்போதே அதைச் சுட்டிக்காட்டினார்: உண்மையான போர்க்களப் படங்களோடு, பின்னர் நடித்து எடுக்கப்பட்ட காட்சிகளும் அடையாளம் காட்டப்படாமல் கலக்கப்பட்டிருந்தன. அறிவிப்பு ஒன்றைத் திரையில் போட்டிருந்தால் போதும் என்ற அவர் தரப்பு நியாயமானது. பிபிசி அதை ஏற்காதது எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு பொருளை 26 வாரம் விடாமல் பின்தொடரும் பொறுமை, பெரும்பான்மையைத் திருப்திப்படுத்தியே ஆக வேண்டிய சேனலில் முதலில் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். பிபிசி 2இல் அது நிலைபெற்ற பிறகுதான் அதே ஆண்டிலேயே பிபிசியின் பழைய சேனலான பிபிசி 1க்கு மாற்றி ஒளிபரப்பினார்கள். அங்கே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இனி மறுபக்கம். 1963ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பிபிசி தன் மிகப் புகழ்பெற்ற நையாண்டி நிகழ்ச்சியை நிறுத்தியது. டேவிட் ஃபிராஸ்ட் நடத்திய 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்' அமைச்சர்களையும் ஆயர்களையும் ஒருசேரக் கிண்டலடித்துவந்தது. 1964 தேர்தல் ஆண்டு, ஆகவே நடுநிலை காக்க வேண்டும் என்பது நிறுத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அதன் இடத்தில் வந்த புதிய நையாண்டி நிகழ்ச்சி தேர்தல் முடிந்த பிறகு, நவம்பரில்தான் திரைக்கு வந்தது. மக்கள் அரசியல்வாதிகளைப் பற்றி மிக அதிகமாகச் சிந்திக்கும் பத்து மாதங்களில் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வழியில்லாமல் போனது.

அந்தத் தேர்தலில் இன்னொரு நகைச்சுவைத் தொடரும் சிக்கியது. 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்பது லண்டனில் குதிரை வண்டி வைத்துக் காயலான் கடை நடத்தும் ஒரு தந்தையையும், அவரிடமிருந்து தப்பிக்க முடியாத மகனையும் பற்றியது; கோடிக்கணக்கானோர் பார்த்தது. அக்டோபர் 15, வாக்குப்பதிவு நாள். அன்று மாலை 8 மணிக்கு அதன் ஒரு பகுதி ஒளிபரப்பாகவிருந்தது. வாக்குச்சாவடிகள் மூடுவது 9 மணிக்கு. தொழிலாளர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டு வாக்களிக்கக் கிளம்பும் நேரத்தில் பெட்டிக்கு முன் உட்கார்ந்துவிடுவார்கள், தன் கட்சிக்குத்தான் இழப்பு என்று தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் கவலைப்பட்டார். பிபிசியின் தலைமை இயக்குநர் ஹியூ கிரீனிடம் நேரடியாகவே முறையிட்டார். கிரீன் நிகழ்ச்சியை 9 மணிக்குத் தள்ளிவைத்தார். தொழிற்கட்சி வென்றது, வெறும் 4 இடப் பெரும்பான்மையில். அந்த ஒரு மணி நேரம் எத்தனை இடங்களைத் தந்தது என்று கணக்கிட வழியில்லை. ஆனால் பிரதமராக வரப்போகிறவர் தன் எதிரணியினருக்கு அஞ்சியதைப் போலவே ஒரு நகைச்சுவைத் தொடருக்கும் அஞ்சியதும், ஒலிபரப்பாளர் இசைந்துகொடுத்ததும் நிச்சயமாக நடந்தவை.

அரசியல்வாதிகள் மட்டும் இல்லை. மேரி ஒயிட்ஹவுஸ் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. ஓவியம் கற்பித்தார், மாணவிகளின் ஒழுக்கக் கல்விக்கும் பொறுப்பாக இருந்தார். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய ஒரு பிபிசி விவாதத்தைப் பார்த்த தன் மாணவிகள் வந்து பேசிய விதம் அவரை உலுக்கியது. 1964 ஜனவரியில், பாதிரியார் ஒருவரின் மனைவியான நோரா பக்லண்டுடன் சேர்ந்து 'தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்து' இயக்கத்தைத் தொடங்கினார். மே 5 அன்று பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் அவர்கள் கூட்டிய கூட்டத்துக்குப் பேருந்து பேருந்தாகப் பெண்கள் வந்து ஏறத்தாழ 2,000 பேர் நிறைந்தனர். ஹியூ கிரீன் அவரைக் கடைசிவரை சந்திக்கவில்லை.

ஒயிட்ஹவுஸின் கருத்துகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. கலையில் எது தகும் எது தகாது என்பதை அவர் ஓர் அளவுகோலால் மட்டுமே அளந்தார். இருந்தாலும் அவருடைய அடிப்படைக் கேள்வியைக் கிரீன் அலட்சியப்படுத்தியது சரியென்று சொல்ல மாட்டேன். உரிமக் கட்டணம் செலுத்துகிறவர் ஒலிபரப்பாளரிடம் முறையிட என்ன வழி இருக்கிறது என்று அவர் கேட்டார். வில்சனுக்கு வழி இருந்தது. ஷ்ராப்ஷயர் ஆசிரியைக்கு இல்லை.

அதே மே 5 அன்று மாலை, ஐடிவியில், கிரனாடா நிறுவனத்தின் 'வேர்ல்ட் இன் ஆக்ஷன்' வரிசையில் 'செவன் அப்!' என்ற ஆவணப்படம் வெளியானது. பர்மிங்ஹாமில் கூடியவர்கள் தொலைக்காட்சி பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பேசிக்கொண்டிருந்த நாளில், தொலைக்காட்சியோ பிள்ளைகளையே பேசவைத்தது. ஏழு வயதுக் குழந்தைகள் 14 பேர்: பத்துச் சிறுவர்கள், நான்கு சிறுமிகள். சிலர் லண்டன் கிழக்கின் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், சிலர் கட்டணப் பள்ளிகளில் லத்தீன் படிப்பவர்கள், ஒருவன் யார்க்ஷயர் மலைப்பகுதி விவசாயியின் மகன், சிலர் குழந்தைகள் காப்பகங்களில் வளர்பவர்கள். கனடாக்காரரான பால் ஆல்மண்ட் இயக்கினார். பிள்ளைகளைத் தேடிப்பிடித்தவர்களில் ஒருவர் கிரனாடாவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மைக்கேல் ஆப்டெட். 2000ஆம் ஆண்டின் தொழிற்சங்கப் பிரதிநிதியும் நிறுவன நிர்வாகியும் இன்று ஏழு வயதில் இருக்கிறார்கள் என்று படம் அறிவித்தது. யார் எதுவாக வருவார் என்பதை வர்க்கமே தீர்மானித்துவிட்டது என்பதுதான் அதன் வாதம்.

ஒரே ஒருமுறை ஒளிபரப்புவதற்காகத்தான் அது எடுக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளை மீண்டும் பார்க்கலாமே என்று பிறகுதான் தோன்றியது. ஆப்டெட் அதைத் தன் வாழ்நாள் வேலையாக ஆக்கிக்கொண்டார். அவர் கடைசியாக எடுத்த பகுதியில், 2019இல், அவர்கள் 63 வயதில் திரையில் வந்தார்கள்; 2021இல் ஆப்டெட் காலமானார். தொடரின் ஆரம்பக் குறை வெளிப்படையானது: பதினான்கில் நான்கே பெண்கள். பிரிட்டிஷ் பெண்களின் வாழ்க்கை அந்த அரை நூற்றாண்டில் எவ்வளவு மாறியதோ அதைப் பதிவு செய்யும் வாய்ப்பு அங்கேயே சுருங்கிவிட்டதை ஆப்டெட் பின்னாளில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். வாதத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகள் சிலர் அதை மெய்ப்பித்தார்கள், சிலர் பொய்ப்பித்தார்கள். கல்வியிலும் பணத்திலும் வர்க்கம் பெரும்பாலும் சொன்னபடியே நடந்தது. யார் மகிழ்ச்சியாக இருந்தார், யார் உடைந்துபோனார் என்பதில் நடக்கவில்லை.

யாரும் பார்க்காத இடத்தில்தான் தொலைக்காட்சி துணிச்சலாக இருந்தது என்ற என் கணக்குக்கு 'செவன் அப்!' சற்று இடைஞ்சலானதுதான். பெருவாரியானோர் பார்க்கும் வணிகச் சேனலில், விளம்பரங்களுக்கு நடுவே அது வந்தது. கிரனாடாவின் தலைமையகம் மான்செஸ்டரில் இருந்ததும், லண்டன் மேட்டுக்குடியைத் தள்ளி நின்று பார்க்கும் பார்வை அங்கே ஊறியிருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஆண்டின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை விரைவாகவே கடக்கிறேன். ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில், தேவாலயமாக இருந்து படப்பிடிப்புக் கூடமாக மாற்றப்பட்ட கட்டடத்திலிருந்து 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பிபிசியின் பாப் இசை நிகழ்ச்சி தொடங்கியது. ஆறு வாரத்துக்கென்று திட்டமிட்டது 2006 வரை வாரந்தோறும் வந்தது. முதல் நிகழ்ச்சியைத் தொகுத்தவர் செய்த பாலியல் குற்றங்கள் 2011இல் அவர் இறந்த பிறகு வெளியானதால், அதன் பழைய பதிவுகளை யாரும் களங்கமின்றி ரசிக்க முடியாது. நவம்பர் 2 அன்று ஐடிவியில் 'க்ராஸ்ரோட்ஸ்' வந்தது, பர்மிங்ஹாம் அருகே ஒரு மோட்டலை நடத்தும் குடும்பத்தின் கதை. விமர்சகர்கள் ஆடும் சுவர்களையும் மறக்கும் வசனங்களையும் கேலி செய்துகொண்டே இருக்க, மக்கள் 1988 வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 'டாப் ஆஃப் தி பாப்ஸி'ன் முதல் நிகழ்ச்சி இன்று இல்லை. காந்த நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்குக் கலைஞர் சங்கங்களின் ஒப்பந்தம் தடை, ஆகவே அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். படச்சுருளில் எடுத்தவை மட்டும் பெரும்பாலும் தப்பின.

அப்படித் தப்பியவற்றில் டிசம்பர் 15 அன்று பிபிசி 1இல் வந்த 'கலோடன்' எனக்கு மிகவும் பிடித்தது. 1746 ஏப்ரலில், ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் அருகே, பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய இளவரசர் சார்லஸ் எட்வர்டின் ஹைலண்டு (ஸ்காட்லாந்து மலைநாட்டு) படையை அரசுப் படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுக்கிய போர் அது. இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ் அதை ஒரு செய்திக்குழு நேரில் போய்ப் படம்பிடித்ததைப்போல எடுத்தார். கேமரா தோளில் குலுங்குகிறது. நிருபரின் குரல் ஒவ்வொரு சிப்பாயின் பெயரையும் தினக்கூலியையும் சொல்கிறது. குலத்தலைவனுக்குக் குத்தகைப் பாக்கிக்காகப் போருக்கு வந்தவன் கேமராவைப் பார்த்து விழிக்கிறான். தொழில்முறை நடிகர்கள் இல்லை. பலர் அந்தப் போரில் செத்தவர்களின் மண்ணைச் சேர்ந்த இன்வர்னஸ்வாசிகள். போர் முடிந்தபின் அரசுப் படை கிராமங்களில் செய்த படுகொலைகளுக்குப் படம் தாராளமாக நேரம் ஒதுக்குகிறது. வியட்நாமிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திப் படங்கள் தன் மனத்தில் இருந்ததாக வாட்கின்ஸ் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 29 வயது.

வரவேற்பைக் கண்டு பிபிசி அவருக்கு அடுத்த படத்தையும் கொடுத்தது. அதே முறையில், இம்முறை நடந்து முடிந்த போரை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின்மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் எடுத்தார். பெயர் 'தி வார் கேம்'. 1965இல் பிபிசி அதை முதலில் அரசின் மூத்த அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது. பிறகு, பொதுமக்கள் தாங்க முடியாத அளவுக்குக் கொடூரமானது என்று சொல்லி ஒளிபரப்பை நிறுத்தியது. ஒயிட்ஹவுஸைச் சந்திக்க மறுத்த அதே கிரீன்தான் அப்போதும் தலைமை இயக்குநர். படம் திரையரங்குகளில் ஓடியது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. உரிமக் கட்டணம் செலுத்தியவர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பெட்டியில் பார்த்தது 1985 ஜூலை 31 அன்றுதான்.